தட்டை போட்டு மூடிய கிணற்று மேடு

எங்கள் ஊர்ப் பக்கம் தெரியாத கார் ஒன்று திரும்பினால், நாய் குரைப்பதற்கு முன்பே அக்கா கிணற்று மேட்டுக்குப் போய்விடுவாள். அங்கே கதிர் ஒடித்த மக்காச்சோளத் தட்டை எப்போதும் கட்டுக் கட்டாகக் கிடக்கும். நாலைந்து கட்டை இழுத்து, சாலையிலிருந்து தெரிகிற பக்கமாக மேட்டின்மேல் சாய்த்துப் போடுவாள். அப்புறம் ஒன்றும் நடக்காதது போல ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போவாள். அக்கா மட்டும் செய்கிற காரியமில்லை இது. அந்தப் பக்கம் கிணறு வைத்திருக்கிற எல்லோரும் இப்படித்தான்.

கிணறு வெட்டும்போது அள்ளிக் கொட்டிய மண்ணும் கல்லும்தான் கிணற்று மேடு. அடியில் இருந்தது கடைசியாக வருவதால் அது மேட்டின் உச்சியில் கிடக்கும். கிணற்றைக் கவிழ்த்து வைத்த மாதிரி. அக்காவின் மேட்டு உச்சியில் கிடப்பது வெள்ளையும் மஞ்சளுமான சுண்ணாம்புக் கல். அதற்குள் நத்தை போலச் சுருண்ட கல், சிப்பி பதிந்த கல். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது பாடம். எங்களுக்கு அது பயம். சிப்பிக் கல் இருக்கிற இடத்தில் சுண்ணாம்புக் கல் இருக்கிறது. சுண்ணாம்புக் கல் இருக்கிற இடத்துக்குச் சிமெண்டு கம்பெனி வரும்.

பக்கத்து ஊரில் சில வருஷத்துக்கு முன்பு ஒருவன் வந்தானாம். தோளில் பை. சும்மா ஊர் பார்க்க வந்தேன் என்றானாம். ஒரு வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, போகிற போக்கில் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, ஒரு கல்லை எடுத்து, சின்னப் புட்டியிலிருந்து எதையோ சொட்டு விட்டானாம். கல் சோடா மாதிரி நுரைத்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொஞ்ச நாளில் அங்கே அளவுக்கல் நட்டார்கள். இப்போது அந்த நிலங்கள் இருந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது. மத்தியானம் அங்கே வேட்டு வைத்தால் அக்கா வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். வந்தவனுக்கும் பள்ளத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. மோர் கொடுத்த அம்மாள் மட்டும் இன்றுவரை தன்னால்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அக்காவுக்கு இருப்பது இரண்டு ஏக்கரும் அந்தக் கிணறும் சில ஆடுகளும். மாமா லாரியில் அடிபட்டுப் போன பிறகு அந்தக் கிணற்றை வைத்துத்தான் பருத்தியும் சோளமும் போட்டு, இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தாள். அது போனால் அவள் பெண்கள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அவள் யார் வாசலிலும் நிற்கிறவள் இல்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். போர்க் கிணறு போடுகிற வண்டியில் ஏறி ஆந்திரா, கர்நாடகா, ஒரிசா வரைக்கும் போனேன். பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, கேரளத்தில் ரப்பர் தோட்டம், சென்னையில் கல்யாண மண்டபத்தில் பந்தி. எங்கேயும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. வேலை கசந்தால் அக்கா வீட்டுக்கு வருவேன். அக்கா ஏன் வந்தாய் என்று கேட்டதில்லை. எப்போது போவாய் என்று மட்டும் கேட்பாள். போர் வண்டியில் இருந்தபோது ஒரு பழக்கம் வந்தது. முன்பின் தெரியாத ஆள் நம் இடத்தைச் சுற்றி வந்தால் அவனைத் தனியே விடக் கூடாது. சிரித்துக்கொண்டே கூடப் போக வேண்டும். தனியே விட்டால் டீசல் போகும்.

அப்படித்தான் அந்தப் பெரியவரோடும் அவர் மனைவியோடும் போனேன்.

சாத்தனூர்க் கல்மரத்துக்குத் திரும்புகிற இடத்து டீக்கடையில் அவர்களைப் பார்த்தேன். பழைய கார், அதன் கீழ்ப்பக்கமெல்லாம் துரு. அவர் அறுபதைத் தாண்டியவர். கதர்ச் சட்டை, தோளில் ஜோல்னாப் பை. பையை டீ குடிக்கும்போதுகூடக் கீழே வைக்கவில்லை. அந்த அம்மாள் மட்டும் பேசினாள். தரங்கம்பாடிக்குப் பக்கத்திலிருந்து வருகிறார்களாம். கடற்கரைக்காரர்கள். இங்கே பார்ப்பதற்கு என்னென்ன இருக்கிறது, யாராவது கூட வந்து காட்டுவார்களா என்று கடைக்காரரைக் கேட்டாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். கடலை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு, வற்றிப்போன கடலைப் பார்க்க யாராவது இவ்வளவு தூரம் வருவார்களா? எனக்கு அப்போதே உறுத்தியது. காசெல்லாம் வேண்டாம், நானும் அந்தப் பக்கம்தான் போகிறேன் என்று சொல்லிக் காரில் ஏறிக்கொண்டேன். காசு வேண்டாம் என்றதும் அவர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார்.

கல்மரம் பெரிய மரம். ஓடைப் பள்ளத்தில் படுத்த வாக்கில் கிடக்கிறது. சுற்றிலும் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். முதலில் பார்க்கிறவர்களுக்குச் சப்பென்றுதான் இருக்கும். கருங்கல் தூணை யாரோ தள்ளிவிட்டுப் போன மாதிரி. கொஞ்சம் நின்று பார்த்தால் மரத்தின் கணு தெரியும், கிளை ஒடிந்த இடம் தெரியும். கடலோரம் நின்ற மரம், வெள்ளத்தில் கடலுக்குள் போய், சேற்றில் புதைந்து கல்லானது என்று பலகையில் எழுதியிருக்கிறது. பன்னிரண்டு கோடி வருஷமாம். அந்த அம்மாள் வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டாள். எதற்கென்று கேட்டேன். இத்தனை வருஷம் ஒரே இடத்தில் கிடக்கிறதே, அதற்குத்தான் என்றாள். அது எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

அவர் மரத்தைப் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சோளக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது யார் நிலம் என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியும். பக்கத்தில் இருக்கிற காட்சிக்கூடத்தில் சங்கு, சிப்பி, சுறாப் பல் என்று கல்லானதெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டி வந்தால் அங்கேதான் நேரம் போகும். அவர் எதிலும் நிற்கவில்லை. பழைய கடல் எதுவரை வந்தது என்று கோடு போட்டுக் காட்டுகிற வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றவர்தான். விரலால் கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். செல்போனில் படம் எடுத்தார். இந்தக் கோடு உங்கள் ஊருக்கு எந்தப் பக்கம் போகும் என்று என்னைக் கேட்டார்.

ஊர் சுற்ற வந்தவன் கேட்கிற கேள்வியா இது?

அடுத்து அவர்கள் மழை அரித்த பொட்டலைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதுதான் உண்மையில் பார்க்க வேண்டிய இடம். கடலின் தரையே மேலே வந்து கிடக்கிறது. ஆள் உயரத்துக்கும் மேலாக மழைத் தண்ணீர் அறுத்த வாய்க்கால்கள், ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகும். மண் ஓரிடத்தில் வெள்ளை, ஓரிடத்தில் செம்மண், ஓரிடத்தில் சாம்பல். வெயிலில் கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரு கல் மின்னும். பென்சில் முனை போலக் கூரான கற்கள் காலடியில் கிடக்கும். அவையும் கடலில் நீந்திய ஏதோ ஒன்றின் உடம்புதானாம். போகிறவர்கள் காலையில் போக வேண்டும், அல்லது வெயில் தாழ்ந்து போக வேண்டும். ஒரு மரம் கிடையாது. மழை பெய்த மறுநாள் போனால் நிறையக் கல் வெளியே வந்திருக்கும், ஆனால் வழுக்கும். எடுத்துப் பார்க்கலாம், திரும்ப வைத்துவிட வேண்டும். இப்போதெல்லாம் கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க வருகிறார்கள். அன்றைக்கும் ஒரு ஜோடி, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாய்க்காலில் இறங்க முடியாமல் நின்றது.

அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டாள். அவர் மட்டும் ஒரு திட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். இரும்பு தட்டுகிற சத்தம். போர் வண்டியில் இருந்தவனுக்கு இரும்புச் சத்தம் தெரியும். நான் திட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அவர் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் எதையோ பைக்குள் திணித்தார். முகம் மாறிவிட்டது. சுத்தியல், இவன் அவனேதான் என்று எனக்குள் முடிவாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் பொருந்தி வந்தது. இந்தப் பக்கம் கிணறு எத்தனை அடி? மேல்மண் எதுவரைக்கும்? தண்ணீர் நல்ல தண்ணீரா, உப்பா? செம்மண்தான் ரொம்ப ஆழத்துக்கு, அதற்குக் கீழே பாறை, தண்ணீர் உப்பு, வாயில் வைக்க முடியாது, ஆடுகூடக் குடிக்காது என்றேன். பொய் சொல்லச் சொல்ல நன்றாக வந்தது.

அப்புறம் அவர் கேட்டார்: "ஏந்தம்பி, வர்ற வழியெல்லாம் பாக்குறேன். கெணத்து மேட்டையெல்லாம் தட்டை போட்டு மூடி வச்சிருக்கீங்களே. உள்ள என்னா இருக்கு?"

ஆடு மாட்டுக்குத் தீனி, காய வைத்திருக்கிறோம் என்றேன். தீனியைக் கல்மேட்டிலா காய வைப்பார்கள் என்றார். பதில் சொல்வதற்குள் அந்த அம்மாள் தலை சுற்றுகிறது, தண்ணீர் வேண்டும் என்றாள். பாட்டிலில் தண்ணீர் தீர்ந்திருந்தது. பொட்டலை ஒட்டி முதலில் தெரிவது அக்காவின் காடுதான். அங்கே ஒரு வேப்பமரம் நிற்கிறது. அந்த அம்மாள் யாரையும் கேட்காமல் அதை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். வெயிலில் மயங்கப் போகிறவளை எப்படித் தடுப்பது?

அக்கா தூரத்திலேயே பார்த்துவிட்டாள். மேடு மூடியிருந்தது. அவள் முகத்தில் கல் பார்க்க வந்தவனா என்ற கேள்வி இருந்தது, நான் கண்ணால் ஆமாம் என்றேன். ஆனால் வந்தவர்களுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல அவளுக்கு வராது. குடத்திலிருந்து செம்பில் மொண்டு கொடுத்தாள். அந்த அம்மாள் அண்ணாந்து குடித்தாள். இன்னொரு செம்பு வாங்கிக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "தேனாட்டம் இருக்கே. எந்தத் தண்ணி இது?" என்றாள்.

"இந்தக் கெணறுதான்" என்றாள் அக்கா, பெருமையாக.

அவர் என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் வெள்ளாடு, மூக்குக் கறுத்த ஒன்று, மேட்டின்மேல் ஏறியது. தட்டையில் ஒட்டியிருந்த தோகையைப் பிடித்து இழுத்தது. ஒரு கட்டு சரிந்தது. அது அடுத்ததைத் தள்ளியது. எல்லாம் சரசரவென்று கீழே வந்து, உச்சி வெள்ளையாக, வெயிலில் கண் கூசுகிற மாதிரி நின்றது. சுருள் கற்கள் உருண்டு அவர் செருப்பு வரைக்கும் வந்தன. ஆடு உச்சியில் நின்று மென்றுகொண்டிருந்தது.

அவர் குந்தி ஒரு சுருள் கல்லை எடுத்தார். கை பைக்குள் போனது. புட்டிதான் வரப்போகிறது என்று நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். எனக்கு முன்னால் அக்கா வந்து பையின் வாரைப் பிடித்துவிட்டாள்.

"அய்யா, கல்லைக் கீழ வைங்க. பைய அவுத்துக் காட்டிட்டுப் போங்க. வயசுல பெரியவங்க, தப்பா நெனைக்காதீங்க. எனக்கு இதை வுட்டா வேற இல்ல."

அவர் பையை விடவில்லை. அதனால் என் சந்தேகம் இன்னும் கூடியது. அந்த அம்மாளே எழுந்து வந்து, அதில் அப்படி என்ன இருக்கிறது, கொட்டுங்கள் என்று பையைப் பிடுங்கி வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் கவிழ்த்தாள். மாத்திரை அட்டைகள், துண்டு, கண்ணாடிக் கூடு, காகிதத்தில் சுற்றிய கடல் சிப்பிகள் கொஞ்சம். கடைசியாக, வெற்றிலை பாக்கு இடிக்கிற சின்ன இரும்பு உரலும் உலக்கையும் விழுந்தன. பின்னாலேயே வாடிய வெற்றிலைச் சுருள்.

அந்த அம்மாள் உரலை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "வாயில புண்ணு வந்து டாக்டர் தொடக்கூடாதுன்னு சொன்னாரு. விட்டாச்சுன்னு அவருகிட்ட சத்தியம் பண்ணுனீங்களே. இதத்தான் அந்தத் திட்டுக்குப் பின்னாடி போயித் தட்டிக்கிட்டிருந்தீங்களா?"

அக்கா வாரை விட்டுவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. வெற்றிலைக்காரர் நிலத்தைப் பற்றி ஏன் அத்தனை கேட்க வேண்டும்?

அதையும் அந்த அம்மாளே சொன்னாள். கோபத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு காலத்தில் தெருவே இருந்ததாம். இப்போது கல் கொட்டிய கரை மட்டும் இருக்கிறது. புயல் நாளில் அலைச் சத்தம் கட்டிலுக்கு அடியில் கேட்கும். இவருக்குத் தூக்கம் போய்விட்டது. கடல் வராத இடமாகப் பார்த்துக் கொஞ்சம் நிலம் வாங்கி ஒதுங்கிவிட வேண்டும் என்று ஊர் ஊராக அலைகிறார். இரண்டு இடத்தில், ஊர் காட்டுகிறேன், காசு வேண்டாம் என்று கூட வந்த ஆட்களே முன்பணம் வாங்கி ஏமாற்றினார்கள்.

அவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்து, "நீயும் புரோக்கர்தான்னு நெனச்சேன் தம்பி. தண்ணி உப்புன்னு சொன்னியா, சரி, வேற யாருக்கோ பேசி முடிச்சிட்டான், நம்மள வெரட்டுறான்னு நெனச்சேன். மேட்டை மூடி வச்சிருக்கிறதப் பாத்தா, மண்ணு சரியில்ல, மறைக்கிறாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

நான் அவரைப் பார்த்துப் பயந்த மாதிரியே அவர் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார். அக்கா பக்கத்து ஊர்க் கதையைச் சொன்னாள். எதற்காக மூடுகிறோம் என்பதையும் சொன்னாள். முழுக்கச் சொல்லவில்லை. எங்கள் கல் அவ்வளவு நல்ல கல் இல்லை, கலப்புக் கல் என்று சேர்த்துக்கொண்டாள். அவள் கவனம் அவள் வாயை விட்டுப் போகவே இல்லை.

அவர் காகிதத்திலிருந்து ஒரு சிப்பியை எடுத்து, மேட்டிலிருந்து உருண்ட சிப்பிக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டுக்கும் ஒரே வரி. வீட்டு வாசலில் பொறுக்கியதாம். ஒத்துப் பார்க்கத்தான் கொண்டு வந்தேன் என்றார். அதற்கு அந்த அம்மாள், "பாத்தீங்களா தங்கச்சி, கடலுக்குப் பயந்து வேற ஊரு தேடுறவரு, கடல் இருந்த ஊரையே பாத்துப் புடிச்சிருக்காரு" என்றாள். அக்கா சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார் என்று நினைக்கிறேன். அவர் உரல் இப்போது அந்த அம்மாளின் மடியில் இருந்தது.

கிளம்பும்போது ஒரு சுருள் கல்லைக் கேட்டார். பேரனுக்கு என்றார். அக்கா முகம் மறுபடியும் இறுகியது. சாப்பிட்டுவிட்டுப் போகலாம், கம்மங்கூழ் இருக்கிறது, வெங்காயம் இருக்கிறது, கல் மட்டும் தர முடியாது என்றாள். "இங்கேருந்து ஒரு கல்லு வெளிய போனா அது எந்த ஆபீசு மேசையில போயி உக்காரும்னு எனக்குத் தெரியாதுங்க." அவர் தலையாட்டினார். தன் சிப்பியை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, எங்கள் கல்லை மேட்டிலேயே வைத்தார். வைத்த இடத்தை அக்கா பார்த்துக்கொண்டாள். நான் காரின் நம்பரைப் பார்த்துக்கொண்டேன்.

அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மையாக இருக்கலாம். மோர் குடித்தவனும் ஏதாவது சொல்லித்தான் இருப்பான். கார் சாலையில் ஏறி மறைந்ததும் அக்கா தட்டையைத் திரும்ப அடுக்கினாள். இந்தத் தடவை ஆடு ஏறாமல் இருக்க நான் சுற்றிலும் கருவை முள் வெட்டிப் போட்டேன். கொஞ்ச நாள் ஒவ்வொரு கார்ச் சத்தத்துக்கும் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். யாரும் அளக்க வரவில்லை. சோளம் கதிர் வாங்கியது. நான் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கோழிப் பண்ணைக்குப் போகப் பேசி வைத்திருந்தேன்.

கதிர் ஒடிக்கிற சமயம் அது. காலையில் தலைக்கு மேல் தேனீக் கூட்டம் மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால், நாலு பக்கமும் விசிறி சுற்றுகிற சின்னப் பொருள் ஒன்று, பொட்டலிலிருந்து வந்து எங்கள் காட்டுக்கு மேலே நின்றது. அசையாமல் நின்றது. பொட்டலில் இரண்டு இளவட்டங்கள் பொத்தானை அமுக்கிக்கொண்டு நின்றார்கள். நான் போய்க் கேட்டேன். இடம் சூப்பராக இருக்கிறது, மேலேயிருந்து வீடியோ எடுக்க வந்தோம் அண்ணே, ஊர் சுற்றிப் பார்க்கிறவர்களுக்குப் போடுவோம் என்றார்கள். செல்போனில் காட்டவும் செய்தார்கள். வாய்க்கால்கள் மரத்தின் வேர் மாதிரி தெரிந்தன. அழகாகத்தான் இருந்தது. ஓரத்தில் எங்கள் காடு. கிணறு கறுப்பாக ஒரு பொட்டு. அதற்குப் பக்கத்தில், சாலைப் பக்கம் மட்டும் தட்டை சாய்த்த மேடு. உச்சி மூடாமல் பால் மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது.

நான் திரும்பி ஓடினேன். அக்கா ஏற்கனவே மேட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் தட்டைக் கட்டு. ஒரு வார்த்தையும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பக்கத்துல போட்டது போதாதுடா. மேல மூடு, மேல."

முள்ளை மிதித்துக்கொண்டு நான் உச்சிக்கு ஏறினேன். அக்கா கீழேயிருந்து ஒவ்வொரு கட்டாகத் தூக்கிக் கொடுத்தாள். சத்தம் தலைக்கு மேலேயே நின்றது. நான் குனிந்தபடி பரப்பிக்கொண்டே இருந்தேன். கோழிப் பண்ணைக்கு அந்த வாரம் போகவில்லை.